ப்ரெஸ்ட்டிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா, அதை எழுதவே இல்லையே. பிரான்ஸுக்குப் போய்விட்டுப் பையனை ஏதோ பட்டிக்காட்டு பாஷைப் பள்ளியில் சேர்த்திருக்கிறாளே என்று பெரிய மாமா சத்தம் போட்டாராமே, அவருக்கு இதைப் படித்துக் காட்டு.

அது பிரெத்தோன், பிரான்ஸின் மேற்குக் கோடியில் இருக்கிற இந்தப் பக்கத்து ஜனங்களின் சொந்த மொழி. பள்ளிக்குத் திவான் என்று பெயர். 1977இல் இங்கே பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெற்றோர்களே கூடி மழலையர் பள்ளியாக ஆரம்பித்தது, இப்போது கர்ஹே என்ற ஊரில் மேல்நிலைப் பள்ளி வரை வளர்ந்திருக்கிறது. பாடம் மட்டுமில்லை, விளையாட்டு, சாப்பாடு, அதட்டல் எல்லாமே பிரெத்தோன்தான், எழுதப் படிக்கவும் முதலில் அதில்தான். பிரெஞ்சுப் பாடம் ஏழெட்டு வயதில் வரும். தெருவிலும் டிவியிலும் அதுதானே, மாமா பயப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைச் சொன்னேனே, மழையில் குடையில்லாமல் நின்று கோழிகளோடு பேசுகிறவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வகுப்பில் பிரெத்தோன் பேசினால் கழுத்தில் மரச்செருப்பைத் தொங்கவிடுவார்களாம். அடுத்து யார் பேசி மாட்டுகிறார்களோ அவர் கழுத்துக்கு அது போகும், சாயங்காலம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அடி. அந்த பயத்தில் தன் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை. இப்போது நம் குட்டி வேலியருகே போய் 'தெமாத்' என்று வணக்கம் சொன்னால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லீவுக்கு வந்த அவர் மகன், அம்மா கோழியிடம் என்ன சொல்கிறார் என்று குட்டியிடம்தான் கேட்டார்.

2021இல் இப்படிப் பள்ளியை முழுக்க ஒரு வட்டார மொழியிலேயே நடத்துவது செல்லாது, குடியரசின் மொழி பிரெஞ்சு என்று பிரான்ஸின் அரசியலமைப்பு மன்றம் சொல்லிவிட்டது. பள்ளிகள் மூடவில்லை, ஆனாலும் பெற்றோர்களுக்கு அந்தக் கவலை விடவில்லை. செலவுக்கு அவர்களே ஓடியாடிப் பணம் சேர்க்கிறார்கள், ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரவு பகலாகத் தொடர் ஓட்டம்கூட நடக்கிறது, ஒவ்வொரு கிலோமீட்டரையும் யாராவது காசு கொடுத்து வாங்குவார்கள். போன விழாவில் நான் வடை சுட்டு விற்றேன்.

பணக் கஷ்டமா என்று கேட்டிருந்தாய், ஒன்றுமில்லை. இவர் ராத்திரி ஷிப்டும் பார்க்கிறார், ஹீட்டரைப் படுக்கும்போது மட்டும் போடுகிறோம், கம்பளி நிறைய இருக்கிறது. இங்கே கருப்புக் கோதுமை என்று சொல்கிற ஒரு தானியத்தின் மாவில் சுடுகிற கலெத் நம் கேழ்வரகு தோசை மாதிரி இருக்கும், உப்பு வெண்ணெய் தடவித் தின்பார்கள். தொட்டுக்கொள்ள உன் கத்தரிக்காய் கொத்சு கிடைக்காதா என்றிருக்கும். மாங்கனித் திருவிழாவுக்கு வரமுடியாதம்மா, பள்ளி விடுமுறை ஜூலையில்தான். மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கும்போது எனக்காக ஒன்று பிடித்து வை.

குட்டி இப்போது நான் தமிழில் கேட்டால் பிரெத்தோனில் பதில் சொல்கிறான். போனில் அவனோடு விடாமல் பேசு, கதை சொல்லு. அப்புறம், தம்பி பாப்பாவைச் சேர்க்கப்போகிற பள்ளியில் தமிழ் பேசினால் அபராதமாமே? வேண்டாம் என்று சொல், நான் சொன்னதாகவே சொல்.

கொல்லை மனைக்குச் சின்ன அத்தை கையெழுத்துப் போடும்வரை யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள். பட்டா நகலை அனுப்பு. அப்பா மருந்துக்கு அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், அதுவரை நகைக் கடைக்காரரிடம் போகாதே.

உன் மகள்