2024–25 ஆண்டறிக்கை: நிறுத்தவும் திரும்பவும் கற்ற ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நாமக்கல்லின் நாலாபுறமிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அவர்களுடன் வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். நம் சங்கத்தின் வழக்கமான நீண்ட இருசக்கர வாகனப் பயணத்தை ஓராண்டு தள்ளிவைத்து, அதற்கான பணத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் பிரேக் பிடிக்கவும் வளைவில் திரும்பவும் முறையாகக் கற்றுக்கொள்வதற்குச் செலவிடுவது என்று தீர்மானித்தோம். சொற்ப வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய தீர்மானம் அது. பயணம் இல்லாத சங்கம் எதற்கு என்று கேட்டுச் சில இளைஞர்கள் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. அவர்கள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் முடிவு சரியானது என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது நம் தமிழ்நாடு. இந்த எண்களைத் தகவல் பலகையில் ஒட்டிவிட்டு அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

நம்மில் பெரும்பாலோர் அப்பாவின் வண்டியிலோ அண்ணனின் வண்டியிலோ ஓட்டக் கற்றவர்கள். கிளட்சை மெதுவாக விடு, ஆக்சிலேட்டரைத் திருகு, கியர் மாற்று என்று சொல்லித் தந்தார்கள். எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கினோம். வண்டியைக் கிளப்பக் கற்றுத் தந்தவர்கள், அதை அவசரத்தில் நிறுத்துவது பற்றி ஒரே ஒரு பாடம்தான் சொன்னார்கள்: "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறக் கவிழ்த்துவிடும்." இந்த ஒரு வாக்கியத்தை உறுப்பினர்களின் கையிலிருந்தும் காலிலிருந்தும் அகற்றுவதற்கே இந்த ஆண்டின் முதல் பாதி செலவானது.

பயிற்சிக்கு இடம் தந்தவர் நம் ஊர் லாரி உரிமையாளர் ஒருவர். தம் பெயரை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய கான்கிரீட் தளத்தில் ஞாயிறு காலை லாரிகளை ஓரம் கட்டி, எண்ணெய்க் கறைகளில் மரத்தூள் போட்டுப் பெருக்கி, சுண்ணாம்புக் கோடு இழுத்துத் தொடங்கினோம். கோவை செட்டிபாளையத்திலும் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தளங்கள் இருக்கின்றன. ஆனால் தினமும் வேலைக்கும் சந்தைக்கும் வண்டியில் போகிறவருக்கு வேண்டிய பாடத்தை 40 கி.மீ. வேகத்தில், சொந்த ஊரில், சொந்த வண்டியிலேயே கற்றுக்கொள்ளலாம். செயற்குழு அப்படித்தான் முடிவு செய்தது.

முதல் பாடத்தில் என்ஜினையே இயக்கவில்லை. வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு நடந்து, முன் பிரேக்கை மெல்லப் பிடித்துப் பார்க்கச் சொன்னோம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. முன் டயர் சாலையை அழுத்திப் பற்றுகிறது, பின் டயர் லேசாகிறது. அதனால்தான் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது, வண்டி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் உள்ளது.

கரும்பலகையில் ஒரு கணக்கும் போட்டோம். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கை அசைவதற்குள் ஒரு நொடி போனால் அந்த 17 மீட்டரும் போய்விட்டது. அதற்குப் பிறகு, நல்ல உலர்ந்த சாலையில் இரண்டு பிரேக்குகளையும் சரியாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிறுத்தலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அது 40 மீட்டர் வரை நீளும். முதல் வண்டி அசையாமல் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி இன்னும் 40 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் கடக்கிறது. கணக்கு முடிந்ததும் அங்கே நிலவிய அமைதியிலிருந்தே, பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

புரிந்துகொள்வது வேறு, கை பழகுவது வேறு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஹாரி ஹர்ட் குழுவினர் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஓட்டிகள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து வழுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை என்பது அதன் கண்டுபிடிப்புகளில் ஒன்று. விபத்தைத் தவிர்க்க ஓட்டிக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு என்றும் அது சொல்கிறது. இரண்டு நொடியில் யாரும் யோசித்துச் செயல்பட முடியாது. பழகிய கைதான் வேலை செய்யும். அதனால் 20 கி.மீ., 30 கி.மீ., 40 கி.மீ. என்று படிப்படியாக வேகத்தைக் கூட்டி, ஒவ்வொருவரும் சலிப்புத் தட்டும் வரை அதே கோட்டில் நிறுத்திப் பழகினார்கள்.

பிடிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. லிவரைச் சட்டென்று இறுக்கக் கூடாது. முதலில் மெல்லத் தொட்டு, எடை முன்னால் வந்து டயர் அழுந்தியதும், எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முழங்கால்கள் டேங்கைப் பற்றியிருக்க வேண்டும், முழங்கைகள் விறைக்கக் கூடாது, பார்வை முன்சக்கரத்துக்கு அருகில் விழாமல் தூரத்தில் இருக்க வேண்டும். முன்சக்கரம் வழுக்குவதாகத் தெரிந்தால் அந்தக் கணமே தளர்த்தி மீண்டும் பிடிக்க வேண்டும்.

பழைய பயத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணல்மீதோ முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி கீழே போடத்தான் செய்யும். பலரும் அப்படி ஒருமுறை விழுந்துதான் முன் பிரேக்கை அடியோடு வெறுத்திருக்கிறார்கள். வண்டி நேராக இருக்கட்டும், ஹேண்டில் நேராக இருக்கட்டும், பிறகு பிடிக்கலாம் என்று இதற்கு மட்டும் தனியாக ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினோம்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு உள்ள வண்டிகளில் வேறொரு சிக்கலைப் பார்த்தோம். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். வைத்திருந்தும் அது வேலை செய்வதை ஒருமுறைகூட உணராதவர்களே அதிகம். லிவர் படபடவென்று அதிர்ந்ததும் ஏதோ உடைந்துவிட்டதாக நினைத்துப் பிடியை விட்டார்கள். அந்த அதிர்வின்போது விடாமல் பிடித்திருப்பதுதான் பயிற்சி. பல வண்டிகளில் முன்சக்கரத்துக்கு மட்டுமே ஏபிஎஸ் இருக்கிறது என்பதும், பின்சக்கரம் அப்போதும் பூட்டிக்கொள்ளலாம் என்பதும் பலருக்குப் புதிய செய்தி.

ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளுக்காகத் தனி அமர்வு வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்களே. இந்த ஆண்டின் மிகச் சிறந்த அமர்வு அது என்பேன். பள்ளிப் பிள்ளையை முன்னால் நிற்க வைத்து, பின்னால் காய்கறிப் பையோடு போகிற வண்டிகள் அவை. 125 சிசி வரையிலான புதிய ஸ்கூட்டர்களில் இடதுகை லிவரைப் பிடித்தால் முன்சக்கரமும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். பழைய வண்டிகளில் அது பின்சக்கரத்தோடு சரி. இரண்டிலுமே முழுத் திறனுக்கு வலதுகையும் வேண்டும். "அண்ணா, பத்து வருடமாக இந்தப் பக்கத்து லிவரைத் தொட்டதே இல்லை" என்றார் ஓர் உறுப்பினரின் மனைவி. அன்று மதியத்துக்குள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெகு முன்பாகவே நிறுத்திக் காட்டினார். முன்னால் நிற்கும் குழந்தை பிரேக் பிடிக்கும்போது ஹேண்டிலில்தான் மோதும் என்பதையும் அங்கே பேசினோம். அதன்பின் சிலர் பிள்ளைகளைப் பின்னால் அமர்த்திக் கூட்டிச் செல்வதைப் பார்க்கிறேன்.

ஆண்டின் பிற்பாதி வளைவுகளுக்கு. நமக்கு ஆசான் பக்கத்திலேயே இருக்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகையோடு. ஆனால் தளத்தில் பிரேக் பயிற்சி முடித்தவர்களை மட்டுமே அழைத்துச் செல்வது என்று விதி வைத்தோம். ஆடி 18ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் கூட்டம் ஏறும் நாட்களைத் தவிர்த்தோம். சிறு குழுக்களாக, விடிந்து வெளிச்சம் வந்த பிறகே புறப்பட்டோம்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரையும் குறைத்துவிட வேண்டும். இதைச் சொல்வது எளிது. டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓரளவுதான். அதையே பிரேக்கும் திரும்புதலும் பங்குபோட்டுக்கொள்கின்றன. சாய்ந்திருக்கும்போது பயந்து பிரேக்கை அழுத்தினால் மிச்சமிருந்த பிடிமானமும் போய்விடும். ஒரே வளைவில் 20 கி.மீ.க்குப் பதில் 30 கி.மீ. வேகத்தில் திரும்பினால், டயர் தாங்க வேண்டிய பக்க விசை இரண்டேகால் மடங்காகிறது. 10 கி.மீ. வேகம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பார்வைதான் வண்டியை இழுத்துச் செல்கிறது. தடுப்புச் சுவரைப் பார்த்தவர் தடுப்புச் சுவரை நோக்கியே போனார். முகவாயைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைத் தேடிப் பார்த்தவர் அதே வேகத்தில் எளிதாகத் திரும்பினார். ஓடும் வேகத்தில் இடப்பக்கம் சாய இடது ஹேண்டிலை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும் என்றபோது பாதிப் பேர் நம்பவில்லை. இத்தனை காலமும் தெரியாமலே அதைத்தான் செய்துவந்திருக்கிறார்கள். தெரிந்து செய்யும்போது, திடீரென்று எதிர்ப்படும் குழியை விலக்கவும் அது கைகொடுக்கிறது.

இடப்பக்க வளைவில் வேகம் மிகுந்தால் எதிர்த்திசைக்குள் போய்விடுகிறோம். வலப்பக்க வளைவில் சோம்பலால் உட்புறமாக வெட்டி அதே எதிர்த்திசைக்குள் போகிறோம். பஸ்ஸுக்கு இந்த வளைவுகளில் முழு அகலமும் தேவைப்படும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே இடப்பக்கம் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. அது சட்டமும்கூட.

இறக்கம் பற்றி நான் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கும் பழக்கம் நம் உறுப்பினர்களிடமே இருந்தது. அப்படி இறங்கும்போது வண்டியின் முழுச் சுமையையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. டிரம் சூடேறிப் பிடி தளர்கிறது. டிஸ்க் பிரேக்கில் ஆயில் கொதித்தால் லிவர் காற்றைப் பிடித்ததுபோல் உள்ளே போய்விடும். டாட் 4 வகைப் பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிப் பழையதானால் 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், என்ஜின் தாங்கட்டும். ஸ்கூட்டரில் அந்த வசதி குறைவு என்பதால் அவ்வப்போது நிறுத்திப் பிரேக்கை ஆறவிடுங்கள்.

இவ்வாண்டு ஒரு விபத்து நேர்ந்தது. பயிற்சிக்கு வராத ஓர் உறுப்பினர் தனியே மலையிறங்கும்போது, மழை அடித்து வந்த மண்ணில், சாய்ந்த நிலையில் பின் பிரேக்கை மிதித்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து இப்போது தேறிவருகிறார். விழுந்த விதத்தை அவரே செயற்குழுவில் எழுந்து விளக்கியதற்கு நன்றி சொல்கிறேன். வளைவுகளில் சேரும் மண்ணை மழைக்குப் பின் அகற்றக் கோரி உரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். பதில் வரவில்லை, மீண்டும் கொடுக்க இருக்கிறோம்.

லாரி ஓட்டுநர்களோடு நடத்திய சந்திப்பையும் குறிப்பிட வேண்டும். நின்றிருந்த லாரியின் ஓட்டுநர் இருக்கையில் நம் உறுப்பினர்களை ஏற்றி உட்கார வைத்து, இடப்பக்கம் ஒட்டி நிற்கும் வண்டி கண்ணில் படுகிறதா என்று கேட்டார்கள். பலருக்கும் படவில்லை. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று அவர்கள் சொன்னதைப் பலரும் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

பிரேக் ஷூ, டயர் காற்று, பிரேக் ஆயில் பரிசோதனை முகாமும் முதலுதவி வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். தளத்தில் பிரேக் பயிற்சி முடிக்காதவர் சங்கப் பயணங்களில் கலந்துகொள்ள முடியாது என்ற இவ்வாண்டு விதியை நிரந்தரமாக்க வேண்டும். நின்றுபோன நீண்ட பயணத்தை வரும் தை மாதத்தில் ஆழியாறு வழியாக வால்பாறைக்கு, அதன் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு, நடத்த அனுமதி வேண்டும். சந்தாவைப் புதுப்பிக்காத இளைஞர்களை நேரில் போய் அழைக்கும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்