வலக்கண்ணில் ஊதா

மேலகரம்,
ஆடி 12.

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. வலக்கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று மருமகள் காவல் இருந்தாள். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது பேத்தி. நேற்று மறுபரிசோதனையில் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் பேனா கைக்கு வந்தது.

இங்கே குற்றாலச் சீசன் நன்றாக இருக்கிறது. ஆனியில் ஏமாற்றிவிட்டது. ஆடி பிறந்ததும் காற்று திரும்பியது. ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று உனக்குத் தெரிந்ததுதான், கொடியில் போட்ட துணியைப் பக்கத்து வீட்டு மாடியில் தேட வைக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற மழை, இந்தப் பக்கம் வரும்போது சல்லடையில் சலித்த மாதிரி சாரலாகிவிடுகிறது. ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர். பேரன் பேத்திகள் சுகம். வேறு வீட்டுச் சேதி ஒன்றும் இல்லை.

கண்ணைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கட்டுப் பிரித்த அன்று ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். வலக்கண்ணுக்கு அது சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு இருந்த வெள்ளை. இடக்கண்ணுக்கு அதே சுவர், டீத் தண்ணியில் முக்கி எடுத்த வேட்டி. மாற்றி மாற்றி மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை நாளும் பழுப்பைத்தான் வெள்ளை என்று எண்ணியிருக்கிறேன். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளித்துப்போய், நீலத்தையும் ஊதாவையும் உள்ளே விடாமல் வழிமறித்துவிடுகிறது. சிறுகச் சிறுக நடக்கிற காரியம் என்பதால் என்ன போயிற்று என்றே நமக்குத் தெரிவதில்லை. பாசிப்பச்சை என்று நினைத்து மூன்று வருஷமாகக் கட்டுகிற சேலை, மயில்நீலமாம்! அன்று கடைக்காரர் நீலம் என்று அடித்துச் சொன்னார், நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

போன வியாழக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். தென்காசிப் பக்கம் பளிச்சென்று வெயில், மலை மேல் சாரல். தெருவில் பிள்ளைகள் "காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்" என்று கத்துவது கேட்டது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். எங்கள் ஊர் வானவில் பெரும்பாலும் காலை வில்தான். கிழக்கே சூரியன், மேற்கே மலையில் நீர்த்திவலை, நடுவில் சூரியனுக்கு முதுகு காட்டி நாம். ஒன்பது மணி தாண்டிவிட்டால் சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகைக்கு மேல் ஏறிவிடும், பிறகு தரையில் நிற்கிறவர்களுக்கு வானத்தில் வில் இல்லை. அன்றைக்கு முழு வளைவு, ஒரு கால் இலஞ்சிப் பக்கம், மறு கால் அருவிப் பக்கம். கண்ணாடியைக் கழற்றினேன்.

முதலில் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டேன். இடக்கண்ணுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், மங்கலாக ஒரு பச்சை, அத்தோடு வில் முடிந்து மேகம் வந்துவிட்டது. பிறகு கையை மாற்றினேன். பச்சைக்கு உள்ளே நீலம். அதற்கும் உள்ளே, கத்தரிப்பூ இதழின் ஓரத்தில் இருக்குமே அந்த நிறத்தில், ஊதா. மெல்லிசாக, ஆனால் ஒரு காலிலிருந்து மறு கால் வரை அறுபடாமல் ஓடியது. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று பேத்தி பஞ்சோடு ஓடி வந்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் ஏழு நிறத்தையும் பலகையில் எழுதிப் போட்டவள் நான். ஓய்வு பெற்ற பிறகு இந்த மாடியில் நின்று எத்தனை வில் பார்த்தேன், அதில் எத்தனை பாதி வில்லோ! ஒவ்வொரு தடவையும் ஊதா அங்கேதான் இருந்திருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேவுக்கும் இப்படித்தான் நடந்தது. 1923-ல், 82 வயதில், வலக்கண்ணில் மட்டும் புரை எடுத்துக்கொண்டார். நீலம் தூக்கலாகத் தெரிகிறது என்று முதலில் குறைபட்டவர், பிறகு வரைந்துகொண்டே இருந்தார். இடக்கண்ணைக் கடைசிவரை தொடவிடவில்லை. நான் அப்படி விடப்போவதில்லை. ஆவணி கடைசியில் எனக்கு இடக்கண்.

ஏட்டி, இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். "ரெண்டு கண்ணும் முற்றிவிட்டது என்கிறார்கள். இனி எதைப் பார்க்க இதை அறுத்துக்கொள்ள வேண்டும்? மழை விட்டால் மொட்டைமாடிக்கு வா என்று கூப்பிட அவர் இல்லை" என்று எழுதியிருந்தாய். பேத்தியை வாசிக்கச் சொல்லித்தான் கேட்டேன். அவளே பாதியில் நிறுத்திவிட்டாள்.

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். அந்த வருஷம் எனக்குச் சீசனே ஆகவில்லை. சாரல் விழுந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் மனசைத் தேற்றிக்கொள் என்று உனக்கு எழுத எனக்கு வாய் வராது. ஒன்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

1977-ல் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து பேரருவியில் குளித்தோமே. பொங்குமாங்கடல் என்கிற அந்தப் பாறைக் குழியில் விழுந்து எழும்பின தூவானத்தில் ஒரு சின்ன வில் நின்றது. அந்தப் பாறை மேல் என்று நீ சொன்னாய். இல்லை, படிக்கட்டுப் பக்கம் என்று நான். ஈரத் துணியோடு பிடிவாதமாகச் சண்டை போட்டோம். ரெண்டு பேரும் சொன்னது சரிதான் என்று பிறகு பாடம் நடத்தும்போது புரிந்தது. வில் ஓரிடத்தில் நிற்கிற பொருள் இல்லை. எந்தத் துளி என் கண்ணுக்குச் சரியாக 42 பாகையில் சிவப்பை அனுப்புகிறதோ, அது என் வில்லின் துளி. உன் கண்ணுக்கு வேறு துளி. ஏன், என் வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்குமே வேறு வேறு துளிகள்தான்.

அப்படியானால் அவர் பக்கத்தில் நின்ற அத்தனை வருஷமும் அவர் பார்த்த வில்லை நீ பார்த்ததில்லை, நீ பார்த்ததை அவர் பார்த்ததில்லை. "இங்கே வா, சீக்கிரம் வா" என்ற அந்தக் கூப்பிடுதான் உங்கள் ரெண்டு பேருக்கும் பொது. இப்போது இல்லாமல் போனது அதுதான். அது பெரிய இழப்பு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் வில் உன்னுடையதாகவே மழைக்குள் இருக்கிறது, அதில் ஊதாவும் இருக்கிறது. கூப்பிட ஆள் வேண்டும் என்றால் நான் கூப்பிடுகிறேன்.

கண்ணைச் சென்னையிலேயே பார்த்துக்கொள், தள்ளிப்போடாதே. முற்ற முற்ற எடுப்பது சிரமம் என்று என் டாக்டரும் சொன்னார். முதல் கண் ஆறியதும் இங்கே வா. தாம்பரத்தில் பொதிகை ஏறினால் காலையில் தென்காசி. வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்கு. கடையநல்லூர் நெருங்கும்போது எழுந்து உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வா. ஆவணியிலும் சாரல் மிச்சம் இருக்கும். பேத்தி ஸ்டேஷனுக்கு வருவாள். எனக்கு இடக்கண்ணுக்குச் சொட்டு விட ஒரு ஆள் வேண்டும், உன் கை நடுங்காது என்று எனக்குத் தெரியும்.

அதுவரைக்கும், உங்கள் பக்கம் மழையும் வெயிலும் சேர்ந்து வந்தால், சாயங்காலமானால் கிழக்கே பார், காலையானால் மேற்கே. இங்கே மலையில் வில் விழுந்தால் எந்நேரமானாலும் போன் அடிப்பேன். எடு.

உன்
பழைய ரூம்மேட்