செல்விக்கு, அலிப்பூர் போகச் சொல்லி

அன்புள்ள செல்விக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். கல்கத்தாவுக்குப் போய் இவ்வளவு நாளாகியும் அலிப்பூர் தேசிய நூலகத்தை எட்டிப் பார்க்கவில்லை என்று போனில் சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

1903இல் வைஸ்ராய் கர்சன் திறந்த இம்பீரியல் நூலகம்தான் சுதந்திரத்துக்கு அப்புறம் தேசிய நூலகம் என்று பெயர் மாறி அலிப்பூரில் இருக்கும் பெல்வெடெர் மாளிகைக்கு வந்தது. 1953 பிப்ரவரி 1ஆம் தேதி கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் அதை மக்களுக்குத் திறந்துவைத்தபோது நூலகராக இருந்தவர் மயிலாப்பூரில் பிறந்த பி. எஸ். கேசவன். நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் வையாபுரிப் பிள்ளை, தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர், ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் ஏட்டுச்சுவடிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஊரில் கிடந்திருந்தால் கரையானுக்குப் போயிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடத்தின்மேல் தனி மரியாதை வரும்.

1954இல் ஒரு சட்டம் போட்டார்கள். இந்த நாட்டில் எந்த மொழியில் புத்தகம் போட்டாலும் முப்பது நாளுக்குள் ஒரு பிரதியைப் பதிப்பாளர் தன் செலவில் அங்கே அனுப்ப வேண்டும், அதுவும் அச்சிட்டதிலேயே நல்ல தாளில், தைத்து முழுதாக. பெரிய ஆள் எழுதியதா, சின்ன அச்சகத்தில் போட்டதா என்றெல்லாம் அதில் பேதமே கிடையாது. அனுப்பாவிட்டால் ஐம்பது ரூபாய் வரை அபராதம், அதோடு புத்தகத்தின் விலையும் கட்ட வேண்டும். ஆனாலும் அனுப்பாமல் விடுகிறவர்கள் ஏராளம். ஐம்பது ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? நாட்டின் ஞாபகமே இந்த ஒரு தபால் செலவில்தான் நிற்கிறது என்பது எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் தாத்தா 1962இல் கோயில் கொடைக்குப் பாடும் வில்லுப்பாட்டைச் சின்னப் புத்தகமாகப் போட்டாரே, மஞ்சள் அட்டை, கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் ஒட்டியிருக்குமே, அது அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போட்ட அச்சகம் என்றைக்கோ மூடிவிட்டது, கேட்க ஆளில்லை. அந்தப் பாட்டை முழுசாகப் பாடத் தெரிந்தவர்களும் இப்போது ஊரில் இல்லை. பாஷா பவன் என்ற புதுக் கட்டிடத்தில் தமிழ்ப் பிரிவு எங்கே என்று விசாரி. அடையாள அட்டையைக் கையோடு கொண்டு போ. தாத்தா பெயரை இனிஷியலோடு தேடு, தலைப்பு அவர்கள் பட்டியலில் வேறு மாதிரி இருந்தாலும் இருக்கும். இல்லையென்று சொல்லிவிட்டால், நன்கொடையாகக் கொடுக்க யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வை. நம் பீரோவில் இரண்டு பிரதி இருக்கிறது, தீபாவளிக்கு வரும்போது நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
அப்பா