புகார்: பாகம் கைக்கு வருமுன்பே பிரித்துப் போடப்பட்ட எஸ்டீம் இன்ஜின்

அனுப்புநர்
கார் உரிமையாளர்,
மேற்கு தாம்பரம், சென்னை.

பெறுநர்
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் சர்வீஸ் மற்றும் உதிரிபாக விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: அனுமதி கேட்காமல் இன்ஜினைப் பிரித்தது, பொருந்தாத பாகங்களை விற்றது, தேவையில்லாத வேலைக்கு எஸ்டிமேட் கொடுத்தது ஆகியவை பற்றிய புகார், பணத்தைத் திருப்பித் தரவும், வண்டியைச் சரியாகப் பூட்டித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என்னுடைய 2004 மாடல் மாருதி எஸ்டீம் விஎக்ஸ்ஐ காரை ஜூன் மாதத் தொடக்கத்தில் உங்கள் தாம்பரம் கிளையில் சர்வீசுக்கு விட்டேன். ஆகஸ்ட் பாதி கடந்துவிட்டது. வண்டி இன்னும் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) கழற்றிய நிலையில், உங்கள் ஷெட்டின் ஓரத்தில் நிற்கிறது. கிளை மேலாளரிடம் நேரில் பேசிவிட்டேன், உங்கள் செயலியில் புகாரும் பதிந்துவிட்டேன். "பார்ட் வரணும் சார்" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பணிக்காலம் முழுவதும் மின்சார ரயிலில் அலுவலகம் போய்வந்தவன் நான். கல்யாணம், கோயில், வருடத்துக்கு ஒரு முறை சொந்த ஊர் என்றால்தான் வண்டி வெளியே வரும். அதனால் இருபது வருடம் தாண்டியும் மீட்டரில் 46,000 கிலோமீட்டர்தான். எல்லா சர்வீஸ் பில்லும் கைவசம் இருக்கின்றன. 2024-ல் ஐயாயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தி, வண்டியைக் காட்டி ஆர்.சி.யையும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். இதைத் தொடர்ந்து ஓட்ட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் உங்களிடம் கொண்டுவந்தேன்.

நான் சொன்ன குறை ஒன்றே ஒன்று. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால், சைலன்சரில் கொஞ்ச நேரம் நீலப் புகை வரும், அப்புறம் நின்றுவிடும். ஓடும்போது புகை கிடையாது, இழுவையும் குறையவில்லை. இந்த அறிகுறியைச் சொன்னாலே எந்த அனுபவ மெக்கானிக்கும் முதலில் வால்வ் சீலைத்தான் சந்தேகப்படுவார். சீலின் ரப்பர் இறுகிப்போனால், ஹெட்டில் தங்கும் ஆயில் ராத்திரியில் வால்வ் கைடு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காலையில் அது எரிந்து தீரும்வரைதான் புகை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்த வண்டி என்றால் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் புகை தள்ளும், ஆயில் மூடியைத் திறந்தால் அங்கேயும் ஆவி அடிக்கும். என் வண்டியில் இந்த இரண்டுமே இல்லை. இதை ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். உங்கள் அட்வைசரும் எழுதினார். நகலை இணைத்திருக்கிறேன்.

அதோடு, வருடக் கணக்கில் பழையதாகிவிட்ட டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் மற்றும் கிராங்க் ஆயில் சீல்கள், ரேடியேட்டர் ஹோஸ்கள் ஆகியவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று கேட்டேன். பெல்ட் கவரைக் கழற்றும்போது மற்றவையும் கைக்கு எட்டும், கூலி இரண்டு தடவை ஆகாது. எல்லாவற்றுக்கும் முன்னால் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்ற சோதனை) எடுத்து, நான்கு சிலிண்டரின் அளவையும் எனக்கு எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். இதற்கெல்லாம் சேர்த்து நீங்கள் கொடுத்த எஸ்டிமேட் ரூ.17,500. நியாயமான தொகை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டேன்.

சில நாள் கழித்து போன் வந்தது. "ஹெட் இறக்கிட்டோம் சார், ரிங் போயிடுச்சு, ஃபுல் இன்ஜின் வேலை, 68,000 ஆகும்" என்றார் அட்வைசர். யாரைக் கேட்டு இறக்கினீர்கள் என்றேன். "இருபது வருஷ வண்டி சார், எல்லாம் போயிருக்கும்" என்பதுதான் பதில். கம்ப்ரெஷன் அளவைக் கேட்டேன். எடுக்கவே இல்லை. ஹெட்டைக் கழற்றிய பிறகு இனி எடுக்கவும் முடியாது. வால்வ் சீலை மட்டும் மாற்ற ஹெட்டை இறக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மேலிருந்தே ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீலை மாற்றலாம். உங்கள் ஷெட்டில் ஏர் கம்ப்ரெசர் இருக்கிறது, நானே பார்த்தேன்.

"எல்லாம் போயிருக்கும்" என்ற அந்தப் பேச்சில்தான் இத்தனை தவறும் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். வண்டிக்கு வயது ஒரு கணக்கு, கிலோமீட்டர் வேறு கணக்கு. குறைவாக ஓடிய வண்டியில் இரும்பு தேய்வதில்லை, ரப்பர்தான் கெடும். சீல், ஹோஸ், பெல்ட், இன்ஜின் மவுண்ட், பழைய கூலன்ட், பழைய பிரேக் ஆயில் எல்லாம் ஓடாமல் நின்றாலே கெட்டுப்போகிறவை. பிஸ்டன், போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை), கிராங்க் பேரிங் எல்லாம் ஓடினால்தான் தேயும். இந்த வித்தியாசம் தெரியாதவர் கையில் பழைய வண்டியைக் கொடுத்தால், மாற்ற வேண்டியதை விட்டுவிட்டு, நன்றாக இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடுவார். என் வண்டிக்கு நடக்கவிருந்தது அதுதான்.

போன் வந்த மறுநாளே, லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பரை அழைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தேன். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் மேல் ஒரு துணிகூடப் போடவில்லை. முந்தின ராத்திரி பெய்த மழையில் சாரல் அடித்து, மூன்றாவது, நான்காவது சிலிண்டரின் மேல்புறத்தில் மெல்லிய துரு படிந்திருந்தது. அதை ஆயில் தொட்டுத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். கம்பெனியில் ஹோனிங் செய்தபோது (சிலிண்டர் உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கியபோது) விழுந்த குறுக்குக் கோடுகள், மேலிருந்து கீழ்வரை அப்படியே தெரிந்தன. போரின் உச்சியில் நகத்தை வைத்து இழுத்தால் எந்த விளிம்பும் தட்டவில்லை. தேய்ந்த போர் என்றால் ரிங் ஏறி நிற்கும் இடத்தில் விளிம்பு விழுந்திருக்கும். நண்பர் போர் கேஜ் போட்டு அளந்தார். நான்கு சிலிண்டரும் ஸ்டாண்டர்டு அளவிலேயே இருக்கின்றன. அளந்த தாளில் உங்கள் மெக்கானிக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்தப் போரை 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்கு, அதாவது பெரிய பிஸ்டனுக்காக அகலமாகக் கடைய வேண்டும் என்று உங்கள் எஸ்டிமேட்டில் எழுதியிருக்கிறது!

பக்கத்தில் ஹெட் இருந்தது. அதிலிருந்து ஒரு வால்வ் சீலைக் கழற்றி விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். ரப்பர் வளைந்துகொடுக்க வேண்டும். இது இரண்டாக உடைந்தது. நான் ஜாப் கார்டில் எழுதச் சொன்ன குறை அதுதான், அங்கேயே இருந்தது. ஹெட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், பழைய கேஸ்கட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் வைக்கும் தகடு) சுரண்ட கிரைண்டிங் டிஸ்க் ஓட்டியிருக்கிறார்கள். அலுமினிய ஹெட் அது. வட்ட வட்டமாகக் கீறல், விரலில் தட்டுகிறது. அந்த முகத்தின் மேல் புது கேஸ்கட் வைத்தால் கூலன்ட் கசியாது என்று உங்கள் கம்பெனியில் யாராவது கையெழுத்துப் போட்டுத் தருவார்களா?

அடுத்தது பாகங்கள். வண்டி வேறு இடத்துக்கு இழுத்துப் போக முடியாத நிலையில் இருந்ததால், உங்கள் அட்வைசர் சொன்னபடி, உங்கள் செயலியிலேயே "இன்ஜின் கிட்" ஒன்றை ரூ.21,800 கட்டி ஆர்டர் செய்தேன். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். செயலியோ "எஸ்டீம், பெட்ரோல்" என்பதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. பிரச்சினை இங்கேதான். எஸ்டீமில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் உண்டு. 1994-ல் வந்தது கார்ப்பரேட்டர் வைத்த எட்டு வால்வ் இன்ஜின். பிறகு வந்த எம்பிஎஃப்ஐ (எரிபொருளைப் பீய்ச்சும் முறை) மாடலில், அதாவது என் வண்டியில், இருப்பது பதினாறு வால்வ், ஜி13பிபி. இரண்டும் 1298 சிசிதான், ஆனால் ஹெட் வேறு, கேஸ்கட் வேறு, சீல் எண்ணிக்கை வேறு.

வந்த பெட்டியைப் பிரித்தால் வால்வ் சீல் பாக்கெட்டில் எட்டுதான் இருக்கிறது. ஹெட் கேஸ்கட் பழைய மாடலுடையது, பிளாக் மேல் வைத்தால் ஓட்டைகள் ஒத்துப்போகவில்லை. பிஸ்டன் செட் ஈகோவுடையது. ஈகோவின் 1196 சிசி இன்ஜினும் இதே குடும்பம்தான், ஆனால் அதன் போர் 71 மில்லிமீட்டர், என் வண்டியின் போர் 74. ஒரே பெட்டிக்குள் வெவ்வேறு வண்டிகளுக்கான சாமான். பெட்டியைத் திறந்தது உங்கள் மெக்கானிக், உங்கள் ஷெட்டில். ஆனால் "பேக்கிங் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்று உங்கள் செயலியில் பதில் வந்தது.

கேஸ்கட் பாக்கெட்டை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. எம்ஆர்பி ரூ.1,150 என்ற ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. உரித்தால் அடியில் அச்சடித்த எம்ஆர்பி ரூ.740. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-ன்படி விலையைக் குறைத்துக் காட்ட மட்டும்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். ஏற்றி ஒட்டுவது குற்றம். போட்டோவை இணைத்திருக்கிறேன், பாக்கெட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னபோது கிளை மேலாளர் கொடுத்த யோசனை: "எஸ்டீமுக்கு இப்போ பார்ட்டே வர்றதில்ல சார், புதுப்பேட்டையில ஒரு அரை இன்ஜின் வாங்கி மாட்டிடலாம்." அதாவது பழைய சாமான் சந்தையில், வேறு வண்டியில் ஓடிய பிளாக்கை வாங்கி மாட்டுவது. இதை நான் ஏற்க முடியாது. 2007-ல் எஸ்டீம் நின்றது உண்மைதான். ஆனால் அதே ஜி13பிபி இன்ஜின்தான் ஜிப்சி கிங்கிலும் வெர்சாவிலும் வந்தது. ஜிப்சி 2019 வரை பொதுமக்களுக்கு விற்பனையில் இருந்த வண்டி, ராணுவத்திலும் ஏராளமாக ஓடுகிறது. அதன் இன்ஜின் பாகங்கள் இல்லாமல் போகவில்லை. நான் ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடைகள் இரண்டு ஏறி இறங்கினேன். பதினாறு வால்வ் சீல், ஹெட் கேஸ்கட், டைமிங் பெல்ட், டென்ஷனர் எல்லாம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டே வந்தேன். வாட்டர் பம்புக்கு மட்டும் சொல்லி வைக்க வேண்டும் என்றார்கள். இன்ஜின் நம்பரைச் சொன்னதும் கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வி, "எட்டா, பதினாறா?" உங்கள் செயலி அதைக் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

புதுப்பேட்டையை நான் குறைவாகப் பேசவில்லை. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, பம்பர் கிளிப் போன்ற, இனி புதிதாகக் கிடைக்காத சாமான்களை அங்கேதான் தேடிப் பிடித்திருக்கிறேன். ஆனால் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாத பிளாக்கை, 46,000 ஓடிய பிளாக்குக்குப் பதிலாக நான் ஏன் வாங்க வேண்டும்? ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பரும் மாறும், அதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் நான் அலைய வேண்டும்.

பழைய வண்டி வேலையில் வரிசை முக்கியம். முதலில் சோதனை, அடுத்து பாகப் பட்டியல், பிறகு இன்ஜின் நம்பரை வைத்துச் சரிபார்த்து வாங்குவது, எல்லாம் மேசைமேல் வந்து அளவு பார்த்த பிறகே ஸ்பேனர். புது மாடல் வண்டிக்கு மறுநாளே பாகம் வந்துவிடும் என்பதால் முதலில் பிரித்துவிட்டு அப்புறம் தேடலாம். இங்கே அப்படிச் செய்தால், தேடும் நாளெல்லாம் இன்ஜின் திறந்து கிடந்து துருப்பிடிக்கும். உங்கள் ஷெட்டில் என் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சான்ட்ரோவும் இதே கோலத்தில் நிற்பதைப் பார்த்தேன். அதன் சொந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்கும் சேர்த்தே இதைக் கேட்கிறேன்: பாகம் கைக்கு வந்து வாடிக்கையாளர் ஒப்புதலும் கிடைக்கும்வரை எந்த இன்ஜினையும் பிரிக்கக் கூடாது என்று எல்லாக் கிளைகளுக்கும் எழுத்தில் உத்தரவிடுங்கள்.

என் வண்டி விஷயத்தில் நான் கேட்பது இவ்வளவுதான். கிட்டுக்காக வாங்கிய ரூ.21,800 முழுவதையும் திருப்பித் தர வேண்டும். ஹெட்டை நல்ல லேத்துக்கு அனுப்பி, முகத்தின் சமதளத்தைச் சரிபார்த்து, தேவையான அளவு மட்டும் கடைந்து எடுக்க வேண்டும். அது உங்கள் ஆட்கள் போட்ட கீறல் என்பதால் அந்தச் செலவும் உங்களுடையது. போரைக் கடையக் கூடாது. துருவைச் சுத்தம் செய்து, என் நண்பர் முன்னிலையில் மறுபடி அளந்து காட்ட வேண்டும். ஜி13பிபி இன்ஜினுக்கான சரியான பாகங்களைப் போட்டு, ஹெட் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து முறையாக முறுக்கி, முதலில் ஒப்புக்கொண்ட ரூ.17,500-க்குள் வேலையை முடிக்க வேண்டும். ஹெட் இறக்கியதால் கூடிய கூலியும் கேஸ்கட் விலையும் என் தலையில் விழக் கூடாது. கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றும் எனக்கு வேண்டும். பூட்டிய பிறகு இன்ஜின் சூடான நிலையில் கம்ப்ரெஷன் எடுத்து, நான்கு அளவையும் கிளையின் முத்திரையோடு எழுதித் தர வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் அழுத்தத்தில் (சதுர சென்டிமீட்டருக்கு) ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டியை எடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். விலை ஸ்டிக்கர் விவகாரத்தைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குத் தனியாக அனுப்புவேன். அதற்கிடையில், உங்கள் பதில் எதுவாக இருந்தாலும், இன்றே ஆள் அனுப்பி அந்த பிளாக்கில் ஆயில் தடவி, தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள்.

இணைப்பு: ஜாப் கார்டு, இரண்டு எஸ்டிமேட்டுகள், செயலி ரசீது, போர் அளவுத் தாள், போட்டோக்கள்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்,
மேற்கு தாம்பரம்.