வசனத்தோடு அதிகாரத்தையும் கொடுங்கள்: போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயாமாருக்கும் சபை மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, தட்டில் கைவிட்டு ஒன்றை எடுப்போம். வீட்டுக்கு வந்ததும் அதை பீரோ கண்ணாடியில் ஒட்டிவிடுவோம். அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அந்த வசனம் வரும் அதிகாரம் அட்டையில் விடுபட்டுப்போகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தது எரேமியா 29:11. கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம். அப்போது அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஐயா மிஷினை விட்டு வெளிய வந்துடுவார், விசுவாசிங்க" என்றார். ஆகஸ்டில் அப்பா இறந்துபோனார். அடக்க ஆராதனை முடிந்த ராத்திரி அம்மா கேட்டார்: "வசனம் பொய்யாகாதுல்ல? அப்ப நான்தான் சரியா விசுவாசிக்கலையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பல நாள் கழித்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். யூதாவின் ராஜா எகோனியாவோடு பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதி அனுப்பியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்திலே, எல்லார் முன்னாலும் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. எரேமியாவின் கடிதத்தில் இருப்பது 70 வருஷம். அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. 11-ஆம் வசனம் அவர்களையும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவங்களும் காத்திருந்தே செத்துப்போனாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அவங்க மேலயும் நல்ல நினைவுதான் வச்சிருந்தாரா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் அழுதார். அதற்குப் பிறகு தன் விசுவாசத்தைக் குறை சொல்லி அம்மா பேசி நான் கேட்டதில்லை.

ஐயா, இப்படி வாசிப்பது நான் கண்டுபிடித்ததல்ல, சபையின் பழைய வழி. வாசித்ததற்கு அர்த்தம் சொல்லி விளங்கப்பண்ணினார்கள் என்று நெகேமியா 8-இல் இருக்கிறது. வேதத்தின் விளக்கம் தேவ அன்பையும் பிறர் அன்பையும் கட்டியெழுப்ப வேண்டும் என்றார் பழங்காலச் சபைப் பிதாவான ஹிப்போ பட்டணத்து அகஸ்தீன். எழுதியவர் நினைக்காத அர்த்தத்தை எடுத்தும் ஒருவன் அன்புக்கு வந்து சேர்ந்தால், அவன் பாதையை விட்டு வயல்வெளியாக நடந்து ஊர் வந்து சேர்ந்தவனைப் போல என்றும் சொன்னார். அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனாலும் பாதையைக் காட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பழக்கமே அவனை வேறெங்கோ கொண்டுபோய் விடும் என்றார். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. பாதுகாப்பை வாக்களிக்கும் 91-ஆம் சங்கீதம் எத்தனை வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறது! தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, கீழே குதிக்கச் சொல்லிப் பிசாசு எடுத்துச் சொன்னதும் அதே சங்கீதம்தான். இயேசு அதற்கு உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தால் பதில் சொன்னார்.

அப்படியானால் எரேமியா 29 நமக்கில்லையா? நமக்கும் உண்டு. தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் 'ஆம்' என்று பவுல் எழுதுகிறாரே. ஆனால் 11-ஐ எடுத்துக்கொள்கிறவர்கள் 5, 6, 7-ஐயும் எடுத்துக்கொள்ள வேண்டும். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள் என்கிறது கடிதம். தண்ணீர் லாரி வரும்போது சண்டைக்கு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்காகவும், நம்மை மதிக்காத மேலதிகாரிக்காகவும் ஜெபிப்பதெல்லாம் இதில் வரும். திங்கட்கிழமை காலையில் செய்ய எவ்வளவோ இருக்கிற அதிகாரம் இது. அட்டையில் நமக்குக் கிடைப்பதோ ஒரே ஒரு வரி.

இந்த டிசம்பரிலாவது அட்டையின் பின்பக்கம், எந்த வசனத்திலிருந்து எந்த வசனம் வரை வாசிக்க வேண்டும் என்று அச்சடியுங்கள். ஜனவரி வீட்டு ஜெபக்கூட்டங்களில் அந்தந்த வீட்டுக்குக் கிடைத்த அதிகாரத்தையே முழுசாக வாசித்து விளக்குங்கள். அப்புறம், வியாதியாய் இருக்கிறவர்களிடம் தேதி சொல்லாதிருக்க உங்கள் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். சுகத்துக்காக ஜெபியுங்கள், நாங்களும் ஜெபிக்கிறோம். சுகம் வராத வீட்டுக்கு அடுத்த வாரமும் வாருங்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபையாரில் ஒருத்தி