சோடி தரமாட்டேன், இரண்டு ஆண் குருவி தருகிறேன்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமி எழுதுகிறேன். நீ கேட்டதைத் தம்பி போனில் சொன்னான். "மாமியிட்ட ஒரு சோடி பிஞ்ச் குருவியும் ஒரு முட்டியும் வாங்கித் தாங்க, குஞ்சு பொரிச்சா கல்முனைக் கடைக்குக் குடுக்கலாம்" என்றாயாம். உனக்கு மட்டுமென்றால் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். இதே கேள்வியோடு என் படலையைத் திறக்கிறவர்கள் இப்போது அதிகம், அதனால் எல்லாரும் வாசிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே.

சோடி தரமாட்டேன். இரண்டு ஆண் தருகிறேன். முட்டியும், அதுதான் குருவி முட்டையிடக் கூட்டில் தொங்கவிடுகிற சின்னப் பானை, கிடையாது. கோபிக்காமல் மிச்சத்தையும் வாசி மனே.

நாங்கள் வளர்க்கிற ஸீப்ரா பிஞ்ச்சின் சொந்த இடம் அவுஸ்திரேலியா. அந்தக் கண்டத்தின் நடுப்பகுதி எவ்வளவு வறண்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அங்கே மழைக்கு மாதக் கணக்கு இல்லை. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருளும் என்று நம்பித்தான் பெரும்போகம் விதைக்கிறோம். அந்தக் குருவிக்கு அப்படி நம்ப ஒன்றுமில்லை. எப்போது மழை பெய்து புல்லில் விதை பிடிக்கிறதோ அப்போதே முட்டை இட்டுக் குஞ்சு வளர்த்துவிட வேண்டும், முடிந்தால் அடுத்த தடவையும் இட்டுவிட வேண்டும். குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடுவதும் இந்த அவசரத்தால்தான்.

அந்தக் குருவியைக் கொண்டுவந்து காரைதீவில் உன் விறாந்தையில் வைத்தால் என்ன நடக்கும்? தினை குறையாது, தண்ணீர் வற்றாது. அதன் கணக்கில் மழை நிற்கவே இல்லை. முட்டியும் தொங்கினால் இட்டுக்கொண்டே இருக்கும். இட வைப்பதற்கு வளர்க்கிறவருக்கு ஒரு கெட்டித்தனமும் தேவையில்லை, நிறுத்தத்தான் ஆள் வேண்டும். பத்துப் பேர் பிஞ்ச் வாங்கினால் ஒன்பது பேர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். குஞ்சு வரவில்லையே என்று அழுகிறவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நீ காசுக் கணக்குப் போட்டிருக்கிறாய், சரி, அதையும் பார்ப்போம். ஒரு தடவைக்கு நாலு முதல் ஆறு முட்டை, நாளைக்கு ஒன்றாக இடும். ஆணும் பேடும் மாறி மாறி அடை கிடக்கும் (உன் மாமா இதை இத்தனை வருசமாகப் பார்த்தும் ஒன்றும் பழகவில்லை). 12 முதல் 14 நாளில் பொரிக்கும். பொரித்து மூன்று கிழமைக்குள் குஞ்சு முட்டியை விட்டு வெளியே வரும். தானாகத் தினை உடைத்துத் தின்ன 35 நாள் அளவில் ஆகும். அதற்கு முன்பே தாய் அடுத்த முட்டையைத் தொடங்கியிருக்கும். இரண்டு மாதத்துக்கு நாலு குஞ்சு என்று வைத்தாலும் வருசத்துக்கு 24. முதல் குஞ்சுகள் அதற்குள் தாங்களே சோடி சேர்ந்துவிடும். அது அண்ணன் தங்கச்சி என்றெல்லாம் பார்க்காது.

இந்த 24ஐயும் எந்தக் கடை வாங்கும்? உன்னைப் போலவே எல்லாரும் கொண்டுபோய் நிற்கிறார்கள். "வைச்சிட்டுப் போங்க, தீவனம் தாறேன்" என்பதுதான் அநேகமாகக் கிடைக்கிற விலை. 2022இல் சாமான் விலையெல்லாம் ஏறியபோது தினையும் சேர்ந்து ஏறியது. குருவியைக் கூட்டோடு கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். வேறு சிலர் பறக்க விட்டால் புண்ணியம் என்று கையை விரிப்பார்கள். கூட்டில் பிறந்த குருவிக்கு வெளியே இரை தேடத் தெரியாது, காகத்தையும் தெரியாது. அதில் என்ன புண்ணியம்?

காசை விடு. தாய்க் குருவியைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு ஸீப்ரா பிஞ்ச் ஏறக்குறைய 12 கிராம். அது இடுகிற முட்டை ஒரு கிராம் அளவு. ஆறு முட்டை இட்டால் தன் நிறையில் பாதியை ஒரே கிழமைக்குள் உடம்பிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறது. 60 கிலோ பொம்பிளை ஒருத்தி ஐந்து கிலோப் பிள்ளையை நாளுக்கொன்றாக ஆறு நாள் பெற்றால் எப்படியிருக்கும்? இதை வருசத்துக்கு ஆறு தடவை செய்யச் சொல்லி முட்டியை எடுக்காமல் விடுகிறோம். முட்டைக் கோதுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துத் தீனியில் போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கும். அதுவும் முடிந்தால் முட்டை உள்ளேயே சிக்கும். மாரி காலத்துக் குளிர் விடியலில், ஒரு வயதுகூட ஆகாத பேட்டுக்குத்தான் இது கூடுதலாக வரும். உடம்பை உப்ப வைத்துக்கொண்டு கூட்டின் அடித்தட்டில் குந்தியிருக்கும், வால் மேலும் கீழும் ஆடும், வயிற்றின் கீழே வீங்கியிருக்கும். இதைக் கண்டால் அடுத்த நாள் பார்ப்போம் என்று இருக்க முடியாது. சின்னப் பெட்டியில் எடுத்து, பழைய குமிழ் பல்பு ஒன்றின் அருகே சூடாக வைத்து, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வயிற்றை அமத்தாதே. முட்டை உள்ளே உடைந்தால் குருவி தப்பாது. நேரத்தோடு சூடு கிடைத்தால் சில தானாக இட்டுவிடும். சில இடாது. என் கையிலேயே கண்ணை மூடியதும் உண்டு.

அந்தச் சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு கூட்டில் எப்போதும் தொங்க வேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்காதே. கல்லடிக் கடற்கரையில் நான் பொறுக்குகிறேன், உங்கள் கரையிலும் ஒதுங்கும். நல்ல தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறப்போட்டு உப்பெடுத்து, வெயிலில் காயவை. அவித்த முட்டையைக் கோதோடு நசுக்கிக் கொடுக்கலாம். ஆனால் முட்டைத் தீனி தினமும் கொடுத்தால் மழை பெய்கிறது என்று மறுபடியும் இடத் தொடங்கும், குஞ்சு இருக்கும்போது மட்டும் கொடு. தினையோடு குரக்கனும் கலக்கலாம். கீரையென்றால் வல்லாரை, பொன்னாங்காணி. அவகாடோ ஒரு துண்டும் வேண்டாம், குருவிகளுக்கு அது நஞ்சு.

அடுத்தது எறும்பு. முதல் மழைக்கு நிலம் நனைந்ததும் சுள்ளெறும்பு மேலே ஏறும். ஒரே இரவில் முட்டிக்குள் இருக்கிற குஞ்சுகளை முடித்துவிடும். உரோமம் முளைக்காத குஞ்சால் ஓட முடியாது, தாயும் எறும்பு கடித்தால் இறங்கிவிடும். கூட்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய ரின்னுக்குள் வை. அந்தத் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும், ஆகவே கொட்டி மாற்றிக்கொண்டே இரு. டெங்கு பார்க்க வருகிற உத்தியோகத்தர் குருவிக்காக வைத்தேன் என்றால் கேட்கமாட்டார். ஒழுங்கையில் புகை அடிக்க வந்தால் கூட்டை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்து. நுளம்புச் சுருளும் கூட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். உன் அம்மாவிடம் இன்னொன்றும் சொல்: நொன்ஸ்டிக் தாச்சி வெறுமனே அடுப்பில் கிடந்து அதிகம் காய்ந்தால் வருகிற புகை மனிதருக்குத் தெரியாது, குருவி செத்துவிடும். குசினிக்குப் பக்கத்தில் கூடு வைக்கவே கூடாது.

வெயிலைப் பற்றி அவ்வளவு பயமில்லை, வெக்கைக்குப் பிறந்த இனம். 2016இல் அவுஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு விசயம் கண்டுபிடித்தார்கள். பொரிக்கக் கிட்டிய நாட்களில் வெப்பம் 26 பாகைக்கு மேலே போனால், அடையில் இருக்கிற குருவி முட்டைகளுக்குக் கேட்க ஒரு தனிச் சத்தம் போடுகிறது. அதைக் கேட்டுப் பொரித்த குஞ்சு, வெக்கையான கூட்டில் நிறை குறைவாக வளர்கிறது. வெக்கைக்குச் சின்ன உடம்புதானே வசதி. மட்டக்களப்பில் பகலில் 26க்குக் கீழே எப்போது இறங்குகிறது? எங்கள் வீட்டு முட்டைகள் எல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பொரிக்கின்றன போலிருக்கிறது. ஆனாலும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்குச் சுவரோரம் கூடு வேண்டாம். சொண்டைத் திறந்து, செட்டையை விரித்துக்கொண்டு மூச்சு வாங்கினால் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நீ ஏன் மாமி வளர்க்கிறீங்க என்று கேட்பாய். வீடு என் சீதனம் என்றாலும் விறாந்தையில் பாதியைக் குருவிக்கு எடுக்க உன் மாமாவோடு எத்தனை நாள் கதைத்தேன் என்று உனக்குத் தெரியாது. குஞ்சுகள் முட்டிக்குள் முதன்முதல் கத்துகிற சத்தம் ஒன்று இருக்கிறது. முதல் நாட்களில் காதை வைத்துக் கேட்டாலும் கேளாது, பிறகு ஒரு காலையில் விறாந்தை முழுக்கக் கேட்கும். வெளியே வந்த குஞ்சுக்குச் சொண்டு கறுப்பு. தாய்க்குச் செம்மஞ்சள், தகப்பனுக்கு நல்ல சிவப்பு. கறுப்புச் சொண்டுகள் வரிசையாகக் குந்தியிருந்து தகப்பனைத் துரத்தித் துரத்தித் தீனி கேட்கும்போது உன் மாமாகூடப் பேப்பரை மடித்து வைத்துவிடுவார்.

அதைவிடப் பாட்டு. ஆண் மட்டும்தான் பாடும். மகன் தகப்பனிடம் கேட்டுப் பழக வேண்டும், பிறப்போடு வராது. ஒரு மாதக் குஞ்சு மூலையில் தனியே குந்தி வாய்க்குள் முணுமுணுக்கும், அதில் பாட்டு ஒன்றும் இருக்காது. பிறகு தகப்பனின் துண்டு ஒன்று வரும், இடையில் அறுந்துபோகும், திரும்பத் தொடங்கும். மூன்று மாதம் அளவில் பாட்டுப் படிந்துவிடும், அதற்குப் பிறகு சாகும்வரை அதே பாட்டுத்தான். ஸீப்ரா குஞ்சைப் பெங்களீஸ் பிஞ்ச் என்கிற வேறு இனக் குருவி வளர்த்தால் வளர்த்த தகப்பனின் பாட்டையே எடுக்கும். பிள்ளை பேச்சுப் பழகுவது எப்படி என்று அறிய விஞ்ஞானிகள் இந்தக் குருவியைத் தேடிப் போவதும் இதனால்தான். 2010இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து வெளியிட்டார்கள். பறவைகளில் கோழிக்கு அடுத்தது இதற்குத்தான். பெங்களீஸ் யப்பானில் வீட்டுக் குருவியாக ஆக்கப்பட்டது, அதன் மூதாதையான வெண்முதுகுச் சில்லை இலங்கையிலும் இருக்கிறது. உன் ஊர் வயலில் கதிர் முற்றும்போது கூட்டமாக இறங்குகிற புள்ளிச் சில்லையும் இந்தக் குடும்பம்தான். அதற்காக வலை போட்டு அதைப் பிடிக்கப் போகாதே.

ஆகவே இரண்டு ஆண். நிறமும் உண்டு, பாட்டும் உண்டு, பேடு கண்ணில் படாதவரை சண்டையில்லாமல் கிடக்கும். இரண்டு பேடு ஏன் தரவில்லையென்றால், ஆண் இல்லாவிட்டாலும் அதுகள் கூழ் முட்டை இடும், சுண்ணாம்புச் சத்து அப்போதும் போய்விடும். அடுத்த பெரும்போக அறுவடை முடியட்டும். அதுவரை தண்ணீர் தினமும் மாறி, கூட்டுத் தட்டுச் சுத்தமாக இருந்தால் உனக்கு வேறு வீட்டுப் பேடு இரண்டு நானே தேடித் தருகிறேன், ஒன்பது மாதமாவது நிறைந்ததாக. வேறு வேறு கூட்டில் சோடி சேர்ப்போம். முட்டிக்குள் தும்பு கொஞ்சமாக வை. மூன்றாவது முட்டை வந்ததும் வெளியே கிடக்கிற தும்பையெல்லாம் எடுத்துவிடு, இல்லாவிட்டால் முட்டைக்கு மேல் மெத்தை போட்டு மெத்தைக்கு மேல் இடும், கீழே கிடப்பது குளிர்ந்துவிடும். நூல் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், குஞ்சின் காலில் சுற்றும். முதல் தடவை தாய் குஞ்சை வெளியே தள்ளலாம், அதைத் திட்டாதே, பழகாத தாய். இரண்டு தடவை குஞ்சு எடுத்ததும் முட்டியைக் கழற்றி, ஆணையும் பேட்டையும் பிரித்து, சில மாதம் அப்படியே விடவேண்டும். இதற்குச் சம்மதமென்றால் மட்டும் பேடு.

கூடு வாங்கும்போது உயரம் பார்க்காதே, நீளம் பார். இந்தக் குருவி மேலே ஏறாது, அங்குமிங்கும் பறக்கும். கம்பி இடைவெளியில் உன் சின்ன விரல் போனால் அந்தக் கூடு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளென வா, வெயில் ஏறினால் பஸ்ஸுக்குள் குருவி தாங்காது. துளையிட்ட சப்பாத்துப் பெட்டி போதும், மேலே ஒரு துணி.

உன் அம்மா வளர்க்கிற பூனையை என்ன செய்வதாக உத்தேசம்? வருவதற்கு முன் அதற்கு ஒரு பதில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
கல்லடி மாமி