முதல் மடக்குக்கு முன்னால் ஒரு சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் வார்டு செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் விடுபட்டுப்போகும் ஒரு சோதனையைப் பற்றி, அதாவது சரியாக விழுங்க முடிகிறதா என்று பார்ப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

உசிலம்பட்டியில் இருக்கும் என் தங்கையின் மாமியாருக்குச் சில மாதங்களுக்கு முன் வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறிவிட்டது. மகன் தாமதிக்காமல் 108-ஐ வரவழைத்து மதுரைக்குக் கொண்டுவந்தார். ஸ்கேன் எடுத்து, நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் போட்டார்கள். ஊசிக்குப் பிறகு செவிலியர்கள் பார்த்த வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அப்புறம் மறுநாள் வரை மணிக்கு ஒரு தடவை பிரஷர், நினைவு, கை கால் பலம் எல்லாம் பார்த்து எழுதினார்கள்.

மறுநாள் மாத்திரை வந்தது. "தண்ணியில குடுத்துடுங்கண்ணே" என்று மகன் கையில் கொடுத்துவிட்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மகன் மாத்திரையைக் கொடுத்தார், கூடவே பிளாஸ்கில் இருந்த பாலையும் கொடுத்தார். அந்தம்மா இருமியிருக்கிறார். தொண்டை வறண்டுபோயிருக்கும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டே நாளில் காய்ச்சல், நெஞ்சு நிறையச் சளி, மூச்சுத்திணறல், ஐ.சி.யூ. பிழைத்து வீடு திரும்பிவிட்டார். ஆனால் அந்த நிமோனியா வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பக்கவாதம் தொண்டைத் தசைகளையும் பிடிக்கும். ஆரம்ப நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். குடிப்பது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், அதிலிருந்துதான் இந்த நிமோனியா. நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். இவர்களில் பலருக்கு அந்த இருமல்கூட வராது, அதனால் நன்றாகத்தான் குடிக்கிறார் என்று வீட்டுக்காரர்கள் நம்பிவிடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு டீஸ்பூனும் போதும். நோயாளி நன்றாக விழித்திருக்க வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, எச்சில் ஒழுகுகிறதா, சொன்னால் இரும முடிகிறதா, குரல் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர். தொண்டை மேலே ஏறி இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, "ஆ" சொல்லச் சொல்ல வேண்டும். இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, குரல் கொழகொழத்தாலோ அதோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். தேறும்வரை மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுக்கலாம். ஸ்பூன் அளவு சரியாக இறங்கினால்தான் டம்ளருக்குப் போகலாம். பயிற்சி பெற்ற செவிலியர் இதைக் கட்டில் ஓரத்திலேயே செய்துவிடுவார்.

ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் இந்த மூன்றையும் செவிலியர்களே முறைப்படி கவனித்த இடங்களில், 90 நாள் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் உதவியில் வாழ்பவர்களும் சேர்ந்து 100-க்கு 42 பேர். மற்ற இடங்களில் 58 பேர். புது மருந்தோ மெஷினோ எதுவும் சேர்க்காமல் வந்த வித்தியாசம் இது.

மாத்திரையை நீட்டிய அந்தச் சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வார்டையே ஒருத்தர் தலையில் கட்டினால் எந்தக் கட்டிலில் நின்று ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பது? ஆளும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். கேஸ் ஷீட்டில் பிரஷருக்கும் நினைவுக்கும் கட்டம் இருப்பதுபோல் விழுங்கலுக்கும் ஒரு கட்டம் வேண்டும். அதில் செவிலியர் கையெழுத்துப் போடும்வரை மாத்திரை உட்பட எதுவும் வாய்வழியாகப் போகக் கூடாது. கட்டிலில் "வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள்" என்று தமிழில் பெரிதாக ஒரு அட்டை தொங்க வேண்டும். அரசு, தனியார் இரண்டு நிர்வாகங்களிடமும் நான் கேட்பது இதைத்தான்.

கூட இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இளநீர், காபி, பழச்சாறு எதுவானாலும், "சிஸ்டர், விழுங்குறது பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டே கொடுங்கள். வாய் காய்கிறதே என்று மனசு கேட்காவிட்டால், வாயை ஈரத்துணியால் துடைத்துவிடச் சிஸ்டரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
திருமங்கலம்.